நீலப் புள்ளி, பச்சைப் புள்ளி

ஷோட்டோ, மொன்டானா
1996 ஆகஸ்ட் 20

தம்பி ஆர்விட்டுக்கு,

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், உலோகத்துக்குக் களைப்பு வருமா?" அவள் கையில் முறிந்துபோன கொண்டை ஊசி இருந்தது. என் பாடம் அலுத்துப்போய், அதை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதம் முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான் பாடம் நடத்தினேன். கேட்டவள் ரோவீனா. இன்று உன் வேட்டை முகாமில் உனக்குக் காலையில் முட்டை பொரித்துப் போடுகிறாளே, அவளேதான்.

நீ என் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. அதனால் அதே பாடத்தை இப்போது உனக்கு எழுதுகிறேன். ஒன்பது மாதம் எழுதாமல் இருந்துவிட்டு எடுத்த எடுப்பில் பாடமா என்று நினைப்பாய். வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன நவம்பர் நன்றி நாள் விருந்தில் பதினாலு பேர் முன்னால் நீ சொன்னது இது. வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "எல்க் மான் தப்பினது என் கையால இல்ல. அக்கா அந்தப் பித்தளையச் சுட்டுச் சுட்டு வெண்ணெயா ஆக்கி வெச்சிருக்கா. அதுல குண்டு நேராப் போகுமா?" என் கையில் உருளைக்கிழங்குக் கிண்ணம் இருந்தது. அதை வைக்க இடம் தேடுகிறவள் போலச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

இருபத்திரண்டு வருஷமாக உன் தோட்டாக்களை நான்தான் நிரப்பித் தருகிறேன். ஒரே பித்தளைக் கூட்டில் மறுபடியும் மறுபடியும் வெடிமருந்தும் குண்டும் வைக்கிறோம். ஒவ்வொரு முறை சுடும்போதும் கூட்டின் கழுத்து விரிகிறது. அடுத்த முறைக்காக அதை அச்சில் அழுத்திச் சுருக்குகிறேன். விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, ரோவீனாவின் ஊசியைப் போல விறைத்துப்போகிறது. விறைத்த கழுத்து ஒரு குண்டை இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்றைத் தளர்வாகப் பிடிக்கும், கடைசியில் வெடித்துக் கீறிவிடும். அதற்குத்தான் கழுத்துக்கு மட்டும் கொஞ்சம் சூடு காட்டுகிறோம். சூடு பட்டால் பித்தளை பழையபடி இளகும். கூட்டின் அடிப்பாகம் இளகவே கூடாது, இளகினால் சுடுகிறவன் முகத்துக்கு ஆபத்து. அதனால் தட்டில் தண்ணீர் ஊற்றி, பாதி வரை முங்கும்படி நிறுத்தி வைத்துத்தான் ஊதுவிளக்கின் தீயைக் காட்டுவேன்.

இது தோட்டாவைக் கெடுக்கிறது என்கிறாய் நீ. மேம்படுத்துகிறது என்கிறேன் நான். வாயால் தீராது. சுட்டுப் பார்.

உங்கள் முகாமுக்குச் சாமான் கொண்டுவரும் கிளெமின் கோவேறு கழுதைகளோடு ஒரு தகரப் பெட்டி வருகிறது. உள்ளே நாற்பது தோட்டா. எல்லாம் ஏற்கெனவே ஏழு முறை சுட்ட கூடுகள், ஒரே மருந்து, ஒரே குண்டு. இருபதுக்குக் கழுத்தில் சூடு காட்டினேன், இருபதுக்கு இல்லை. அடியில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருக்கிறேன். பாதி நீலம், பாதி பச்சை. எது எது என்று சொல்லமாட்டேன். சொன்னால் உன் கை கட்சி சேர்ந்துவிடும். இருநூறு கெஜத்தில் இலக்காகக் காகிதத் தட்டை மாட்டு, ஒரு நிறத்துக்கு ஐந்து குண்டு, நடுவில் துப்பாக்கிக் குழல் ஆறட்டும். தட்டுகளை எனக்கு அனுப்பு. தீப்பெட்டியில் புள்ளி இல்லாத ஐந்து தனியாக இருக்கிறது. அதையும் ஒரு தட்டில் சுடு. ஏன் என்று கேட்காதே.

செப்டம்பர் பதினைந்துக்குள் முடித்துவிடு. அன்றைக்கு வேட்டை திறக்கிறது. விருந்தாளி காயப்படுத்திய மிருகத்தை வழிகாட்டிதான் முடித்து வைக்க வேண்டும் என்பது உங்கள் முகாமின் சட்டம். இன்னொரு எல்க் காயத்தோடு காட்டுக்குள் போனால் முகாம் முதலாளி ஹாலிஸ் உன்னைக் குதிரையிலிருந்து இறக்கி விறகு பிளக்க விட்டுவிடுவான் என்று ரோவீனா எழுதியிருந்தாள். அவளைத் திட்டாதே.

லெஃப்சே ரொட்டி ஒரு டஜன் வைத்திருக்கிறேன். கழுதை மிதிக்காமல் வந்தால் நல்லது.

சிக்னி

*

முகாம்
ஆகஸ்ட் 28

அக்கா,

பெட்டி வந்தது. லெஃப்சே நன்றாக இருந்தது. நல்லதாகச் சொல்வதற்கு அது ஒன்றுதான்.

நாற்பதையும் போர்வை மேல் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நாற்பதும் பச்சை. அழுக்குப் பச்சை. ஒன்று, உனக்கு எழுபது நெருங்கி மறதி வந்துவிட்டது. இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் விடையே இல்லாத கணக்கு ஒன்று வைப்பாயே, எவன் முழிக்கிறான் என்று பார்ப்பதற்கு, அது போல வைத்திருக்கிறாய். நான் எதையாவது நீலம் என்று எழுதி அனுப்பினால் அடுத்த விருந்தில் படித்துக் காட்டுவாய். நல்ல திட்டம்தான்.

நான் அன்று சொன்னது கோபத்தில் சொன்னது. ஆனால் பொய் இல்லை. விருந்தாளி காயப்படுத்திவிட்டதை முடித்து வைக்க இரண்டு முறை சுட்டேன், இரண்டும் அந்த எல்க்கைத் தொடவில்லை. இருநூறு கெஜம்கூட இல்லை. முப்பது வருஷமாக அந்தத் தூரத்தில் நான் தவறியதில்லை. அப்படியானால் எது தவறியது? நீயே சொல். இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் அண்டங்காக்கைகள் காட்டிக்கொடுத்தன. கறி முழுவதும் வீண். ஒரு மிருகத்தை அப்படிச் சாகவிட்டதை நான் தூக்கத்திலும் பார்க்கிறேன். நீ உருளைக்கிழங்குக் கிண்ணத்தைப் பற்றி எழுதுகிறாய்.

இந்த வருஷமும் காட்டுத்தீப் புகை. எதிர்மலை வாரம் முழுக்க மங்கல். குண்டைச் சுட்டு வீணாக்க இது நேரமில்லை. சரியாகப் புள்ளி வைத்து வேறு பெட்டி அனுப்பினால் யோசிக்கிறேன்.

ஆர்விட்

*

ஷோட்டோ
ஆகஸ்ட் 30

ஆர்விட்,

உன் கடிதத்தைப் படித்ததும் நான் செய்த முதல் வேலை, நெயில் பாலிஷ் பாட்டில்கள் இரண்டையும் சன்னலில் வைத்துப் பார்த்தது. ஒன்று நீலம், ஒன்று பச்சை. புள்ளி வைத்ததில் என்னிடம் மிஞ்சிய தோட்டாக்களையும் எடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுல என்ன சந்தேகம் டீச்சர்? இது நீலம், இது பச்சை. உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

உனக்கு நான் கணக்கு வைக்கவில்லை. சத்தியமாக.

இன்னொன்று. காட்டிலாகா அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். உங்கள் பக்கம் மூன்று வாரமாக மழை, தீ எதுவும் இல்லை என்கிறார்கள்.

கோபப்படாமல் ஒரே ஒரு காரியம் செய். ரோவீனாவின் காப்பிக் கெட்டில் என்ன நிறம் என்று யாரையும் கேட்காமல் எழுது. எழுதிய பிறகு பெட்டியை அவளிடம் கொடுத்துத் தோட்டாக்களை நிறம் பிரிக்கச் சொல். அதற்குப் பிறகு நீயும் சுடு, அவளும் உன் துப்பாக்கியிலேயே சுடட்டும். அவள் அப்பா அவளுக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார்.

அந்தக் கிண்ணத்தைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

சிக்னி

*

முகாம்
செப்டம்பர் 5

அக்கா,

கெட்டில் சாம்பல் நிறம். கொஞ்சம் பச்சை கலந்தது. கெட்டிலின் நிறத்தை எந்த ஆம்பிளை பார்த்துக்கொண்டிருப்பான்? காப்பி சூடாக இருக்கிறதா என்று பார்ப்பான்.

நீ சொன்னபடி சுட்டாயிற்று. தட்டுகளைக் கட்டி அனுப்புகிறேன். பின்னால் பேர் எழுதியிருக்கிறது. எனக்கு எழுத ஒன்றுமில்லை. ரோவீனா எழுத வேண்டுமாம்.

ஆர்விட்

டீச்சர், ரோவீனா எழுதறேன். எனக்கு உங்கள மாதிரி எழுத வராது, பேசறதையே எழுதறேன். உங்க தம்பி அடுப்புக்கு அந்தப் பக்கம் உக்காந்து என்னை முறைச்சிட்டிருக்கார்.

கெட்டில் நீலம். சாதாரண நீலம் இல்ல, கண்ணு கூசற நீலம். கேட்டேன் அவர்கிட்ட, "ஆர்விட், இது என்ன நெறம்?"னு. "கெட்டில் நெறம்"ங்கறார். "சரி, வானம்?" "வான நெறம். காப்பிய ஊத்து." இப்படி ஒரு ஆளோட ஆறு வருஷமா குப்பை கொட்டறேன்.

தோட்டாவ ரெண்டு நிமிஷத்துல பிரிச்சிட்டேன். இருபது நீலம், இருபது பச்சை, தீப்பெட்டியில சும்மா அஞ்சு. அவர் ரெண்டையும் வெளிச்சத்துல மாத்தி மாத்திப் பிடிச்சுப் பாத்தார். அப்பறம் ஒவ்வொண்ணா பெட்டியில திருப்பி அடுக்கினார். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஹாலிஸ் கீழ பண்ணைக்குப் போன நாளாப் பாத்துச் சுட்டோம். மொதல்ல அவர், நீலம் அஞ்சு, பச்சை அஞ்சு. நான் தட்டை எடுக்கப் போனேன். நீலத் தட்டுல ரெண்டு ஓட்டை, பச்சைத் தட்டுல ரெண்டு. மிச்ச ஆறும் எங்க போச்சுன்னு அந்த மலைக்குத்தான் தெரியும். "குழல்ல ஏதோ கோளாறு"ன்னார். அதே குழல்லதான் டீச்சர் நான் சுட்டேன். நீலம் அஞ்சும் ஒரு ஜாம் பாட்டில் மூடிக்குள்ள அடங்கும். பச்சையும் அடங்கும், கொஞ்சம் திணிக்கணும். புள்ளி இல்லாத அஞ்சும் அப்படியேதான், மூடிக்குள்ள.

கூட்டையெல்லாம் பொறுக்கினேன், தட்டோட சேத்து அனுப்பறேன். பச்சையில ரெண்டு கழுத்துல கீறி இருக்கு. நீலத்துல ஒண்ணுகூட இல்ல.

அவர் இப்ப எந்திரிச்சு வெளிய போயிட்டார். பதினஞ்சாம் தேதி வேட்டை ஆரம்பம். நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க.

*

ஷோட்டோ
செப்டம்பர் 7

ஆர்விட்,

தட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். இதை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துபோய்த் தேநீர் போட்டுவிட்டேன்.

முதலில் என் பக்கத்து விஷயம். உன்னிடம் ஒன்றை மறைத்தேன்.

ஊதுவிளக்கு வேலையை நான் எப்போதும் நிலவறையில், அறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் செய்வேன். இருட்டில்தான் பித்தளை லேசாகச் சிவக்க ஆரம்பிப்பது தெரியும். தெரிந்த நொடியே கூட்டைத் தண்ணீரில் சாய்த்துவிட வேண்டும். போன வருஷம் ஜூலையில் குழாய் உடைந்து நிலவறையில் முழங்கால் தண்ணீர். காத்திருக்கப் பொறுமையில்லாமல் கொல்லைப் படியில், வெயிலில் உட்கார்ந்து உன் கூடுகளுக்குச் சூடு காட்டினேன். வெயிலில் சிவப்பு தெரியாது. ஒரு குக்கர் எப்போது விசில் அடிக்கிறது என்பதைக் காதை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பது போல. இது கூடாது என்று முப்பத்தொரு வருஷம் மாணவர்களுக்குச் சொன்னவள் நான்.

அந்தக் கூடுகளைத்தான் நீ அக்டோபரில் எடுத்துப்போனாய். நன்றி நாளன்று நீ "வெண்ணெய்" என்றபோது நான் ஏன் சமையலறைக்குப் போனேன் என்று இப்போது புரிகிறதா? ஒருவேளை உண்மையாகவே கழுத்துகளை அளவுக்கு மீறி இளக்கிவிட்டேனோ, குண்டைப் பிடிக்கவே வலுவில்லாமல் போய்விட்டதோ, அந்த எல்க் அப்படிச் செத்ததற்கு நான்தான் காரணமோ என்று ஒன்பது மாதம் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. கோபமாக இருப்பதாகக் காட்டிக்கொள்வது சுலபமாக இருந்தது.

தீப்பெட்டியில் இருந்த ஐந்தும் அந்த வெயில் கூடுகளில் மிஞ்சியவை. ரோவீனா அவற்றை ஜாம் மூடிக்குள் வைத்திருக்கிறாள்.

அந்தத் தட்டைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அப்படி ஒரு நிம்மதி. அதற்குப் பிறகுதான் உன் தட்டுகளைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் சந்தோஷப்பட்டேனே, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

சோதனையின் விடை இதுதான். நீலம் சூடு காட்டியது, பச்சை காட்டாதது. நீலத் தட்டில் ரோவீனாவின் ஓட்டைகள் அடங்கும் வட்டம் பச்சையைவிட ஒரு நகத்தின் தடிப்பு அளவுக்குச் சிறியது. ஐந்து குண்டை வைத்து அதைப் பெரிய வித்தியாசம் என்று ஒரு மாணவன் எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன். கழுத்து கீறிய இரண்டும் பச்சை என்பதைக் கொஞ்சம் நம்பலாம். ஆக, சூடு காட்டினால் கூடு நீண்ட நாள் உழைக்கும் என்பது என் கட்சி. ஒரு எல்க்கை அடிப்பதற்கும் விடுவதற்கும் அது காரணமாகாது. அதில் நீ சொன்னதும் தப்பு, நான் பயந்ததும் தப்பு.

உன் கையில் நீலமும் சிதறுகிறது, பச்சையும் சிதறுகிறது. அதே துப்பாக்கி, அதே தோட்டா, ரோவீனாவின் கையில் சிதறவில்லை. தம்பி, இது கையும் இல்லை.

ஒரு கண்ணாடி டம்ளரில் தினமும் தேநீர் குடித்துவிட்டு நன்றாகக் கழுவாமல் வைத்தால் என்ன ஆகும்? ஒரு நாளைக்கு ஒன்றும் தெரியாது. பத்து வருஷத்தில் டம்ளர் பழுப்பாகிவிடும். அதன் வழியாகப் பார்த்தால் நீலம் முதலில் போய்விடும். நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் இருக்காது. தூரத்தில் எல்லாம் புகை மூட்டமாகத் தெரியும். மெல்ல மெல்லப் பழுத்ததால் டம்ளருக்கு உள்ளே இருப்பவனுக்கு அது தெரியவே தெரியாது. ஊரெல்லாம் புகை என்றுதான் நினைப்பான்.

கண்புரை என்றுதான் நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் கிரேட் ஃபால்ஸில் இருக்கிறார்கள். இப்போதெல்லாம் காலையில் போனால் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். எங்கள் பாதிரியாருக்குச் செய்தார்கள். போன ஞாயிறு பாட்டுப் புத்தகத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

பதினைந்தாம் தேதி துப்பாக்கியை ரோவீனாவிடம் கொடு. ஹாலிஸுக்கு நான் எழுதமாட்டேன், ரோவீனாவையும் எழுத விடமாட்டேன். அதை நீதான் சொல்ல வேண்டும்.

சிக்னி

*

முகாம்
செப்டம்பர் 13

அக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு நாள் சட்டைப் பையிலேயே கிடந்தது. குதிரைகளுக்கு லாடம் பார்ப்பது போல நடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியும். இதை எழுதுவதற்குத்தான் இரண்டு நாள். அதைக் கண் என்று நான் சொல்லிக்கொண்டதில்லை. புகை என்றேன், பனி என்றேன், துப்பாக்கி ஸ்கோப் பழசு என்றேன். போன அக்டோபரில் அந்த எல்க் நின்றபோது அதன் ஓரம் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் சுட்டேன். அதற்குப் பிறகு உன் வீட்டு மேசையில் உட்கார்ந்து யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. நீ பக்கத்தில் இருந்தாய்.

நேற்றுச் சாப்பாடு முடிந்து ஹாலிஸ் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். போய் நின்றேன்.

"ஹாலிஸ், எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. ஞாயித்துக்கிழம நான் துப்பாக்கி எடுக்கமாட்டேன்."

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தன நாளா?"

"ஒரு வருஷம். ரெண்டு இருக்கலாம்."

"அப்ப ரெண்டு வருஷமா என் குதிரைய யாரு ஓட்டிட்டு வந்தது?"

"குதிரைக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அதற்குத்தான் சிரித்தான். அப்புறம் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னான்: "என் தம்பிக்கும் இதுதான் வந்துது. வெளிய சொல்லாம வண்டி ஓட்டி ஒருநாள் வேலியில கொண்டு ஏத்தினான். நீ வாயத் தொறந்து சொன்ன வரைக்கும் சந்தோஷம். கிளெம் திங்கக்கிழம கீழ போறான், கூடப் போ. திரும்பி வந்ததும் விறகு பிள. கண்ணு சரியாச்சுன்னு காயிதம் கொண்டு வா, மறுபடியும் ஆள் கூட்டிட்டுப் போ."

விறகு பிளக்க விடுவான் என்று ஒரு வருஷம் பயந்துகொண்டிருந்தேன். இப்போது அவன் அதையே சொன்னபோது தோளிலிருந்து சேணத்தை இறக்கினது போல இருந்தது. என்ன கணக்கு இது?

திங்கள் சாயங்காலம் மலையடிவாரத்தில் இருப்பேன். உனக்கு வேலை இல்லையென்றால் வண்டியோடு வா. பேச வேண்டும் என்று அவசியமில்லை.

வெயிலில் ஊதுவிளக்கா? நீயா? மாணவன் எவனாவது செய்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பாய்.

ஆர்விட்

*

முகாம்
அக்டோபர் 11

அக்கா,

வலது கண்ணுக்கு அறுவை முடிந்து பதினாறு நாள். சொட்டு மருந்து நாலு வேளையும் விடுகிறேன். ரோவீனா சமையலறை மணியை அடித்து ஞாபகப்படுத்துகிறாள். முகாமே சிரிக்கிறது. துப்பாக்கியின் உதை தாங்கக் கண்ணுக்கு இன்னும் நாள் ஆகும் என்று டாக்டர் சொன்னதால் கோடரிகூடத் தொட விடமாட்டேன் என்கிறாள். விறகு அடுக்குகிறேன். ஹாலிஸ் பிளக்கிறான். அவனுக்கு அதில் என்ன கோபம் என்று சொல்ல வார்த்தை இல்லை.

வண்டியில் போகும்போது ஐம்பது மைல் ஒரு வார்த்தை பேசாமல் வந்தோமே, அதற்கு நன்றி.

கட்டு அவிழ்த்த அன்று நர்ஸ் ஓர் எழுத்து அட்டையைக் காட்டினாள், எல்லாவற்றையும் படித்தேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் சட்டையை. அப்படி ஒரு நிறம் உலகத்தில் இருந்ததே மறந்துபோயிருக்கிறது. "என்ன பெரியவரே, பூவா பூத்திருக்கு, அப்படிப் பாக்கறீங்க?" என்றாள். "நீலம்" என்றேன். "ஆமா, நீலம்தான்" என்றாள், குழந்தையிடம் பேசுவது போல.

முகாமுக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்தேன். பத்து நீலம், பத்து பச்சை. பிரிப்பதற்கு ரோவீனா தேவைப்படவில்லை. அவளிடம் அதைக் காட்டினேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். வெங்காயம் என்றாள். அப்போது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

புதன்கிழமை ஒஹாயோக்கார விருந்தாளி ஒருவர் எல்க்கின் பின்தொடையில் சுட்டுவிட்டார். அது மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் வெறுங்கையோடு நிற்கிறேன். ரோவீனாவிடம் "தோள் தெரியுதா, மடிப்புக்குப் பின்னால" என்றேன். எனக்கே தெரிந்தது அக்கா, மடிப்பு, மயிர் நிறம் மாறுகிற இடம், எல்லாம். "தெரியுது, வாய மூடுங்க" என்றாள். ஒரே குண்டு. அது நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது. எந்தப் புள்ளி என்று கேட்காதே, இரண்டு பேரும் பார்க்கவில்லை. கூடு பத்திரமாக இருக்கிறது, கழுத்து கீறவில்லை.

அன்று சாப்பாட்டில் ஹாலிஸ், கிளெம், விருந்தாளிகள் என்று பதினொரு பேர். எழுந்து நின்று சொன்னேன்: "போன வருஷம் எல்க் தப்பினது என் கண்ணால. என் அக்கா நிரப்பின தோட்டாவுல ஒரு குத்தமும் இல்ல. அவ மேல பழி போட்டது நான்." ஒஹாயோக்காரர் ஒன்றும் புரியாமல் கை தட்டினார். பதினாலு பேருக்குப் பதினொன்று, மூன்று குறைகிறது. மிச்சத்தை நவம்பரில் உன் மேசையில் சொல்கிறேன், நீ கூப்பிட்டால்.

இடது கண்ணுக்கு அறுவை பனி இறங்கின பிறகு.

ஆர்விட்

*

ஷோட்டோ
அக்டோபர் 14

தம்பி ஆர்விட்டுக்கு,

கூப்பிடுகிறேன். இருபத்தெட்டாம் தேதி, வழக்கமான நேரம். ரோவீனாவையும் அழைத்துவா. ஹாலிஸ் வந்தால் அவன் பிளந்த விறகைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லிவை. உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நீ எடுத்து வரலாம். மேசையில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

நிலவறைச் சுவரில் போன வருஷத்துத் தண்ணீரின் கறை இன்னும் இருக்கிறது. நேற்று விளக்கை அணைத்துவிட்டு, நீ அனுப்பிய கூடுகளை அங்கே தட்டில் நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சூடு காட்டினேன். பச்சைப் புள்ளிகளுக்கும் சேர்த்துத்தான். போட்டி முடிந்துவிட்டதே, அவை மட்டும் ஏன் விறைத்துக் கிடக்க வேண்டும்? கழுத்து லேசாகச் சிவந்ததும் சாய்த்தேன். தண்ணீரில் சுர்ரென்றது. போன வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சத்தத்தை நான் பயமில்லாமல் கேட்டது நேற்றுதான்.

ரோவீனாவிடம் சொல், அவள் கேள்விக்கு நான் அன்று பாதி பதில்தான் சொல்லியிருக்கிறேன். உலோகத்துக்குக் களைப்பு வரும் என்று சொன்னேன். அது எங்கே களைத்திருக்கிறது என்று பார்க்காமல் வேறு இடத்தில் சூடு காட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதைச் சொல்லவில்லை. மாணவர்கள் மட்டுமில்லை, டீச்சர்களும்தான்.

உன் இடது கண் இன்னும் பழைய டம்ளராகத்தான் இருக்கிறது. பனி இறங்கும் வரை அது உனக்கு உபயோகப்படட்டும். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய், ரோவீனாவின் கெட்டிலை வெயிலில் வை. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் அதைப் பார். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பார்.

சிக்னி